பரணிலிருந்து இறங்கும் பழைய இதழ்கள்: நூலகம் எதை ஏற்க வேண்டும்?

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடு மாற்றும்போது பரணிலிருந்து நாலு மூட்டை பழைய இதழ்கள் இறங்கும். எடைக்குப் போட மனசு வராது. “நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் பல சமயம் நூலகர் “வேண்டாம்” என்று சொல்வதுதான் சரி. சில சமயம் அவரே ஆட்டோ பிடித்துப் போய் வாங்கிவர வேண்டும். எது எப்போது என்று இன்று பேசலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த இதழ் வேறெங்காவது பத்திரமாக இருக்கிறதா என்பதை. 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டம், 1956 திருத்தத்துக்குப் பிறகு செய்தி இதழ்களுக்கும் பொருந்துகிறது. வெளியிடுகிறவர் நாட்டின் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா அவற்றில் ஒன்று. அதனால் ஏராளமாக விற்ற வார இதழின் சமீப வருடப் பிரதிகளை ஒரு கிளை நூலகம் அடுக்கிவைத்தால் அலமாரிதான் நிறையும்.

சிற்றிதழ் விஷயம் அப்படியல்ல. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ புதுக்கவிதை வேர்பிடித்த இடம். அதை வாங்கிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படிப்பட்ட இதழ் ஒரே ஒரு பிரதி, அதுவும் அட்டை கிழிந்து வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வரிசையில் விட்டுப்போன இதழ் அதுவாகவே இருக்கலாம். புதுமைப்பித்தனின் எந்தக் கதை எப்போது முதலில் அச்சேறியது, பிறகு எந்த வரி மாறியது என்று தெரிய வேண்டுமானால் ‘மணிக்கொடி’ போன்ற இதழ்களின் மூலப் பிரதிகளைத்தான் புரட்ட வேண்டும். நடுவில் நாலு இதழ் இல்லையென்றால் ஆய்வாளர் அங்கேயே நின்றுவிடுவார்.

அப்புறம், பைண்டு செய்த தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். மணியத்தின் ஓவியங்களோடு அதைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கதை கடைகளில் கிடைக்கிறது. கிழித்தபோது போனது தலையங்கமும் வாசகர் கடிதமும் விளம்பரமும். ஒரு காலத்தை அறிய அவைதான் வேண்டும். ஆகவே முழு இதழ் இருந்தால் அதற்கே முதலிடம். மக்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்குச் சாட்சியாக ஒரு பைண்டு போதும்.

இதழின் நிலையையும் பார்க்க வேண்டும். மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உண்டு. வருடம் ஆக ஆகப் பழுத்து நொறுங்கும். அரிய இதழென்றால் உடனே ஸ்கேன் செய்ய வழி இருக்கிறதா என்று யோசிக்கலாம். பூஞ்சையோ கரையானோ ராமபாணப் பூச்சியோ இருந்தால் ஒரு மூட்டை போதும், பக்கத்து அலமாரிகளும் பாழாகும். எதையும் நேரே உள்ளே கொண்டுபோகாமல், தனி அறையில் பிரித்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

கொடுப்பவர் போடும் நிபந்தனைகளில்தான் நாம் உறுதியாக இருக்க வேண்டும். “அப்பா பெயரில் தனி அலமாரி வேண்டும், ஒன்றைக்கூடக் கழிக்கக் கூடாது” என்பார்கள். அந்தப் பாசம் புரிகிறது. அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதலாம், இதழின் உள்ளட்டையிலும் ஒட்டலாம். ஆனால் இரட்டைப் பிரதிகளை வேறு நூலகத்துக்கு அனுப்பும் உரிமை நமக்கு வேண்டும். அதை வாங்கும்போதே எழுதிக் கையெழுத்துப் பெற்றுவிட வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று பிறர் ஒதுக்கியதையும் அவர் சேர்த்தார். அந்தத் தேர்வுக்கே மதிப்பு உண்டு. அப்படியொரு தொகுப்பு வந்தால் பிரிக்கவே கூடாது. நமக்கு இடமில்லையென்றால் இடமுள்ள நூலகத்துக்கு நாமே வழிகாட்ட வேண்டும்.

நடப்பு இதழுக்கு ஒரு வருடச் சந்தா கட்டித் தருகிறவர்களிடம் ஒரே கேள்வி: அடுத்த வருடம் யார் கட்டுவது?

கொடுக்க நினைப்பவர்கள் மூட்டையைத் தூக்கிவரும் முன் இதழின் பெயர், எந்த வருடம், எவை இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். இதழில் குத்தியிருக்கும் துருப்பிடித்த பின்னை நீங்களே பிடுங்க வேண்டாம். நம் ஊர்ச் சங்க மலர், பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், யாரோ நாலு இதழ் நடத்தி நிறுத்திய பத்திரிகை இருந்தால் அதைப் பட்டியலின் மேலே எழுதுங்கள். அவை அநேகமாக வேறெங்கும் இருக்காது. கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன். பட்டியலை என்னிடமே கொடுக்கலாம்.