நைட் ரைடர் ட்ரெய்லர்: டிவியில் ஏறிய கார் ஸ்கேலில் ஏறுமா?

[காட்சி: மேசையில் கறுப்பு ட்ரான்ஸ் ஆம் மொடல். பக்கத்தில் வெள்ளை போர்டில் வெட்டிய நீளப் பெட்டி.]

வணக்கம். பழைய டிவி தொடர்களில் வந்த லொறிகளைச் சிறிய மொடலாகக் கட்ட ஆசைப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். நைட் ரைடரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் உள்ளே ஏறுமே, அந்தக் கறுப்பு ட்ரெய்லர். 1982 முதல் 1986 வரை வந்த தொடர். கார் பிரச்சினை இல்லை. அந்த 1982 போண்டியாக் ட்ரான்ஸ் ஆம், எம்பிசி நிறுவனத்தின் மொடல் செட்டாக 1/25 அளவிலும் (நிஜத்தில் 25இல் ஒரு பங்கு) அவோஷிமா செட்டாக 1/24 அளவிலும் வந்திருக்கிறது. ட்ரெய்லரைத்தான் நாமே கட்ட வேண்டும். கட்டத் தொடங்கினால்தான் டிவிக்காரர்கள் நம்மை எவ்வளவு அழகாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும்.

முதலில் எந்த அளவு என்று முடிவெடுங்கள். அமெரிக்க லொறி செட்டுகள் பெரும்பாலும் 1/25. மூவின் ஆன் என்ற 1974ஆம் ஆண்டுத் தொடரின் கென்வர்த் லொறியை ஏஎம்டி வெளியிட்டதும் அந்த அளவில்தான். இத்தாலெரி லொறிகள் 1/24. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரர் சொல்வார். 40 அடி ட்ரெய்லரில் அது 2 சென்டிமீற்றர். தனித்தனியாக அலுமாரியில் வைத்தால் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்கும்போது நன்றாகவே தெரியும். அதனால் காரும் ட்ரெய்லரும் ஒரே அளவில் இருக்கட்டும். இந்த வீடியோவில் எல்லாமே 1/25.

[காட்சி: ஒருகொடவத்தைப் பக்கம், சிக்னலில் நிற்கும் கொண்டெய்னர் லொறிகள்.]

அளவு எடுக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அந்தக் காலத்து அமெரிக்க ட்ரெய்லர் 96 அங்குல அகலம், அதாவது 8 அடி. கொழும்புத் துறைமுகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கொண்டெய்னரும் அதே 8 அடி அகலம்தான். 40 அடிப் பெட்டி ஒன்று சிக்னலில் நிற்கும்போது வடிவாகப் பாருங்கள். 25ஆல் வகுத்தால் நீளம் 48.8 சென்டிமீற்றர், அகலம் 97.5 மில்லிமீற்றர். நம் பெட்டிக்கு அந்த அளவு போதும். துறைமுகத்துக்குள் கமெராவைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், வெளி வீதியிலேயே வேண்டியதெல்லாம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் இங்கே பார்க்க முடியாது, நீண்ட மூக்கு. நம் ப்ரைம் மூவர்கள், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் லொறிகள், முக்கால்வாசி தட்டை முகம். நைட் ரைடரில் ட்ரெய்லரை இழுத்தது ஜிஎம்சி ஜெனரல், மூக்கு நீண்ட லொறி. அதற்குச் சற்று முன் பி.ஜே. அண்ட் த பெயார் தொடரில் வந்த கென்வர்த் கே100 தட்டை முகம். நைட் ரைடரில் கிட் என்ற அந்தக் கறுப்புக் காரை மோத வந்த கோலியாத் லொறியும் தட்டை முகம்தான், பீற்றர்பில்ட் 352. இது ரசனை விஷயம் இல்லை, சட்டம். அப்போது அமெரிக்காவில் பல மாநிலங்கள் லொறியையும் ட்ரெய்லரையும் சேர்த்து மொத்த நீளத்துக்கு எல்லை வைத்திருந்தன. மூக்கை வெட்டினால் அந்த நீளம் சாமான் ஏற்ற மிஞ்சும். 1982ஆம் ஆண்டு மத்திய அரசின் சட்டம் பெருந்தெருக்களில் அந்த மொத்த நீள எல்லையை எடுத்துவிட்டு 48 அடி ட்ரெய்லருக்கும் வழிவிட்டது. அப்புறம் மூக்கு நீண்ட லொறிகள் திரும்பி வந்தன. ஆகவே எழுபதுகளின் தொடர் ஒன்றுக்கு 48 அடிப் பெட்டி கட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார். 40 அல்லது 45 அடியோடு நில்லுங்கள்.

[காட்சி: பெட்டிக்குள் கார். இரண்டு பக்கமும் ரூலர்.]

சரி, காரை உள்ளே வைப்போம். ட்ரான்ஸ் ஆம் அகலம் 1.83 மீற்றர், நம் அளவில் 73 மில்லிமீற்றர். சுவருக்கு 3 மில்லிமீற்றர் போர்ட் போட்டால் உள் அகலம் 91.5. மிச்சம் 18.5, பக்கத்துக்கு 9 சொச்சம். நிஜத்தில் ஒரு சாண் கொஞ்சம் கூட. இந்த இடைவெளியில் கதாநாயகன் மைக்கேல் நைட் கதவைத் திறந்து, ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு, இறங்கி நடந்து போகிறார்! கதவைத் திறந்தால் முழங்கால்கூட வெளியே வராது. உள்ளே நடக்கும் காட்சிகள் ஸ்டூடியோ செட்டில் எடுத்தவை. வெளியே ஓடும் பெட்டி வேறு, உள்ளே தெரியும் அறை வேறு.

இதற்குச் சிலர் பெட்டியை 11, 12 சென்டிமீற்றருக்கு அகலமாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. லொறிக்குப் பின்னால் மாட்டியவுடன் வீங்கிப்போன மாதிரி நிற்கும். வெளி அளவைத் தொடாமல், ஒரு பக்கச் சுவரைத் திறந்து காட்டுங்கள். காரை நடுவில் வைக்காமல் எதிர்ச் சுவரோடு ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். கார் 19 சென்டிமீற்றர்தான், முன்னால் இன்னும் 28 சென்டிமீற்றர் இருக்கிறது. தொடரில் காரைப் பராமரிக்கும் பானியின் கம்ப்யூட்டர்கள், கதிரை, விளக்குப் பலகை எல்லாம் அங்கே போகட்டும். 70 மில்லிமீற்றர் உயரப் பொம்மை ஒன்று அங்கே நின்றால் காருக்குப் பக்கத்தில் இடமில்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது ஏறும் பலகை. ட்ரெய்லர் தளம் நிலத்திலிருந்து சுமார் 1.2 மீற்றர், மொடலில் 48 மில்லிமீற்றர். பின்கதவையே பலகையாக இறக்கினால் அதன் நீளம் 108 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். சாய்வு 26 பாகைக்கு மேல். அந்தத் தாழ்ந்த மூக்குக் கார் ஏறவே ஏறாது, முன் பம்பர் தட்டும். தளத்தின் பின்பகுதியை 15 மில்லிமீற்றர் தாழ்த்தி, பலகையை இரண்டு மடிப்பாக 150 வரை நீட்டுங்கள். சாய்வு 13 பாகைக்கு வந்துவிடும், கார் ஏறும். தாழ்ந்த தளம் சில்லுகளை இடிக்காதபடி அச்சுகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும்.

[காட்சி: போர்ட் வெட்டும் கை.]

சாமான் விஷயத்துக்கு வருவோம். மொடல் செய்ய விற்கும் ஸ்டைரீன் தாள் இங்கே நினைத்த நேரத்தில் கிடைக்காது. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பிவிசி போம் போர்ட் துண்டுகள் மிஞ்சும், கேட்டால் சும்மாவே தருவார்கள். சுப்பர் க்ளூ நன்றாகப் பிடிக்கும். 49 சென்டிமீற்றர் நீளத்துக்கு அது நடுவில் தொய்யும், அதனால் தளத்துக்கு அடியில் இரண்டு அலுமினியப் பட்டிகளை முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். லொறியோடு கொழுவும் கிங் பின் நிஜத்தில் 2 அங்குலம் விட்டம். நமக்கு 2 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 36 மில்லிமீற்றர் உள்ளே.

சுவரில் தெரியும் ரிவெட் வரிசைதான் எனக்குப் பிடித்த வேலை. ஏசி குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பையும், புறக்கோட்டைத் தையல் சாமான் கடையில் கிடைக்கும், துணியில் கோடு குறிக்கிற பல்சக்கரத்தையும் எடுங்கள். டேப்பைக் கவிழ்த்து ஒரு பழைய மாதச் சஞ்சிகையின் மேல் வைத்து, ரூலர் ஓரமாகச் சக்கரத்தை ஒரே அழுத்தத்தில் ஒருமுறை இழுங்கள். திருப்பினால் ரிவெட் வரிசை எழும்பி நிற்கும். ஒட்டும்போது விரலால் தேய்த்துவிடாதீர்கள், அத்தனையும் படுத்துவிடும். இரண்டு வரிசைக்கு நடுவில் மட்டும் பஞ்சுக்குச்சியால் அமர்த்துங்கள்.

லொறிக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் சுருள் சுருளாகத் தொங்கும் காற்றுக் குழாய்களை விட்டுவிடாதீர்கள். பழைய டெலிபோன் கேபிளை உரித்தால் உள்ளே மெல்லிய வயர்கள், தடிப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும். பெரிய ஊசியில் சுற்றிக் கழற்றினால் சுருள். நிறம் கவனம்: அமெரிக்க லொறியில் ஒன்று சிவப்பு, மற்றது நீலம். ஐரோப்பிய லொறியில் சிவப்பும் மஞ்சளும்.

[காட்சி: மொட்டை மாடியில் ஸ்பிரே கேன்.]

கறுப்பு அடிப்பதற்கு நாள் பார்க்க வேண்டும், சோதிடத்துக்காக இல்லை, ஈரப்பதத்துக்காக. கொழும்புக் காற்றில் லாக்கர் ஸ்பிரே அடித்தால் மேலே வெண்சாம்பல் படரும். வெள்ளையில் தெரியாது, கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அதிலும் நண்பகல் தாண்டிய நேரம். விடிகாலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அடிக்காதீர்கள், ஈரம் அப்போதுதான் அதிகம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும், காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள்.

அழுக்கு, துரு எதுவும் இந்த லொறிக்கு வேண்டாம். நைட் ரைடர் லொறி எப்போதும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அழுக்குப் பூசத்தான் கை பரபரக்கிறது என்றால், ஸ்பீல்பேர்க் 1971இல் டிவிக்காக எடுத்த டூயல் படத்தின் பீற்றர்பில்ட் 281 டேங்கரைக் கட்டுங்கள். எண்ணெய்க் கறை எங்கே வழியும், சேறு எந்த உயரம் வரை தெறிக்கும் என்று காட்ட நம் கொண்டெய்னர் லொறிகள் தினமும் கண்முன்னே ஓடுகின்றன.

கடைசியில் தொடரில் வருவது போல ட்ரெய்லரின் பக்கவாட்டில் பொன்னிறக் குதிரைத் தலைச் சின்னம். வீட்டுப் பிரின்டரில் பொன்னிறம் வராது, மஞ்சள்தான் வரும். த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போங்கள். பொன்னிற வினைல் அங்கே எப்போதும் இருக்கும். காட்சியை நிறுத்தி எடுத்த படத்தைத் தெளிவான கோடுகளாக வரைந்து கொடுத்தால், வேறு ஓர்டரின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் வெட்டித் தருவார்கள். கோடு 1 மில்லிமீற்றரை விட மெல்லியதாக இருந்தால் உரிக்கும்போது கிழியும், அதைத் தடிப்பாக்கியே வரையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டும், கூடவே உபரியாக ஒன்றும் வெட்டி வாங்குங்கள்.

[காட்சி: ஸ்டிக்கர் ஒட்டிய ட்ரெய்லர். பலகை இறங்குகிறது. கார் உள்ளே போகிறது.]