"ஏன் ஆண்டவரே?" என்று கேட்ட என் அம்மாவுக்காக

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நாளை அசன விருந்துக்கு அரிசி களைய வேண்டிய நேரத்திலும் பந்தலைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் சபை மக்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

விபத்தும் மரணமும் புகுந்த வீட்டில் விசுவாசத்தைக் காப்பாற்றுவது எது? "உம் சித்தம் ஆகட்டும்" என்ற சரணாகதியா, "ஏன் ஆண்டவரே?" என்ற கண்ணீரா? இதுதான் தலைப்பு. எனக்குக் கண்ணீரின் அணி கிடைத்திருக்கிறது. கிடைக்காவிட்டாலும் கேட்டு வாங்கியிருப்பேன்.

எதிரணித் தலைவர், பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த வேதாகமத்து யோபுவோடு தொடங்கினார். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." நம் ஊரில் இந்த வசனம் எழுதாத துக்கப் பத்திரிகையே கிடையாது. ஆனால் ஐயா, அது முதல் அதிகாரம். யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அங்கிருந்து பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். அவரைப் பார்க்க வந்த நண்பர்களோ, கடவுளுக்கு வக்காலத்து வாங்கி, "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்கிறார்கள். கடைசியில் கடவுள் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொண்டார். கேள்வி கேட்டவரைத் தம் தாசன் என்றார்.

அந்த நண்பர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வந்தவுடன் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஆராதனைக்குப் பீடத்தில் வைக்கப் பூ வாங்க அப்பா வண்டியில் கிளம்பினார். பக்கத்தில்தானே என்று ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியிலேயே மாட்டியிருந்தார். விளக்கு எரியாத ஒரு திருப்பத்தில் வேன் இடித்துவிட்டது. தலையில் அடி. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பிளாஸ்டிக் கவரை அம்மா கையில் கொடுத்தார்கள். வெட்டி எடுத்த சட்டை, ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

உணர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதற்கு மருத்துவர்கள் மதிப்பெண் போடுவார்கள். முழுமையாக இருந்தால் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. அப்பாவுக்கு 5 என்றார்கள். பரீட்சைத் தாள் திருத்தியே காலம் கழித்த வாத்தியார் அவர். அம்மா அந்த 5-ஐக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு மார்க் கூட வந்தா பிழைச்சிருவாங்களா டாக்டர்?" என்று கேட்டார். மருத்துவர் பதில் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பது நாள். தினமும் உள்ளே போக ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அம்மா அப்பாவின் காதோரம் குனிந்து 121-ஆம் சங்கீதம் சொல்வார். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." இருபதாம் நாள் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடக்க ஆராதனை முடிந்தது. மண்ணை மண்ணுக்கு என்று போதகர் ஐயர் சொல்ல, நாங்கள் ஒரு பிடி அள்ளிப் போட்டோம். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து பேசத் தொடங்கினார்கள். "அழாதம்மா, விசுவாசிகள் அழக்கூடாது." "தேவ சித்தம், கேள்வி கேட்காதே." ஒருவர் என் தம்பியைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். தம்பி அன்றைக்கு அறைக்குள் போனவன்தான். அதற்கப்புறம் குடும்ப ஜெபத்துக்கு வரவில்லை, கோவிலுக்கும் வரவில்லை.

எதிரணி அண்ணன்மாரைப் பணிவாகக் கேட்கிறேன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். அரசாங்கம் வெளியிட்ட கணக்கு இது. இத்தனை பேரையும் கர்த்தரே எடுத்துக்கொண்டார் என்று எழுதி முடித்துவிடலாமா? எரியாத தெருவிளக்கும், போடாத ஹெல்மெட்டும், வேகத்தைக் குறைக்காத வேனும் செய்ததை ஆண்டவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா? எனக்கு மனது கேட்கவில்லை.

எதிரணி அக்கா டோனாவூர் அம்மாவை எடுத்துக்காட்டினார். நம் மண்ணின் கதை என்பதால் எனக்கும் நெருக்கம்தான். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூருக்கு வந்து, கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்குத் தாயானார். 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-ல் கண்மூடும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். பெற்ற தாய்க்குச் சமமான ஒருத்தியை அப்படிப் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். "முறுமுறுக்காமல் ஏற்றுக்கொண்டாரே" என்றார் அக்கா. சரி. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதியதையும் பார்க்க வேண்டும். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் தன்னைத் தொடவில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார் அவர். வலி தெரியாதவர் சொல்லும் ஸ்தோத்திரம் வலிக்கிறவருக்கு ஒட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் அம்மா என்று பொறித்தார்கள். அந்த ஒரு சொல்லில் கண்ணீர் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

"கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே உம்முடைய சித்தத்தின்படி என்றாரே" என்று கேட்பீர்கள். சொன்னார். ஆனால் "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார். ஒரு தடவை கேட்டு நிறுத்தவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். மறுநாள் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றார். "ஏன்" என்பது எங்கள் அணி கண்டுபிடித்த சொல் அல்ல, ஐயா.

மார்த்தாளை நினைத்துப் பாருங்கள். சகோதரன் லாசருவைப் புதைத்து நாலு நாள். இயேசு ஊர் எல்லைக்கு வந்ததும் ஓடிப்போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். சொந்தக்காரரிடம்தான் இப்படிப் பேச முடியும். பின்னால் வந்த அவள் சகோதரி மரியாளும் அதே வார்த்தையைச் சொல்லி அழுதாள். இயேசு இரண்டு பேரையும் கோபிக்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர்தான். தெரிந்தும் கண்ணீர் விட்டார். "விசுவாசிகள் அழக்கூடாது" என்று எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து சொன்னவர்கள் இந்த இடத்தை வாசித்ததில்லையா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரு நிமிடம் கொடுங்கள்.

அடக்கம் முடிந்து ஆறு வாரம் இருக்கும். இரவு குடும்ப ஜெபம். அப்பா இருந்தவரை அவர் பாட்டைத் தொடங்குவார், அப்புறம் ஆளுக்கு ஒரு வசனமாக முறை வைத்து வாசிப்போம். அன்றைக்கு அம்மாவும் நானும் மட்டும். அம்மா வேதத்தைத் திறக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த 121-ஆம் சங்கீத வசனத்தையே பார்த்துக்கொண்டு ஜெபித்தார். "ஆண்டவரே, உமக்குப் பூ வாங்கத்தானே போனாங்க. உறங்குவதுமில்லைன்னு எழுதியிருக்கே, அன்னைக்கு எங்க பார்த்துக்கிட்டு இருந்தீரு? எனக்கு உம்மேல இருக்கிற கோபம் ஆறல. நாளைக்கும் வந்து கேட்பேன். ஆமென்."

நாளைக்கும் வந்து கேட்பேன் என்றார். எங்கள் வீட்டில் விசுவாசம் பிழைத்தது அந்த வார்த்தையில்தான், நடுவர் அவர்களே. இல்லாத ஒருவரிடம் யாரும் நாளைக்கும் போய் நிற்கமாட்டார்கள்.

தம்பி அறைக்குள்ளிருந்து அதைக் கேட்டிருக்கிறான். மறுநாள் இரவு கதவைத் திறந்துகொண்டு வந்து, அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். 13-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முதல் வசனம் அம்மா, அடுத்தது அப்பா முறை. யாரும் வாசிக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி அப்பாவின் வசனத்தை வாசித்தான். அப்புறம் தன்னுடையதையும் வாசித்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவன் இரண்டு வசனம் வாசிக்கிறான்.

நன்றி, வணக்கம்.