பகடைக்கு யார் பயப்படுவார்?

நடுவர் அவர்களே, வாசிப்பு அணித் தோழர்களே, திரைப்பட அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். திகிலை ஆழமாக உணரவைப்பது படிக்கிற கதையா, பார்க்கிற படமா, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ரோல்பிளேயிங் கேமா? நான் மேசையின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவு லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம். நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேம் மாஸ்டர் கேட்பார். பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன ஆகும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருட்டுவீர்கள். 1974இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததிலிருந்து இப்படி ஆடுகிறார்கள். திகிலுக்கென்றே வந்து பெரிய பேர் வாங்கியது 1981இல் வெளியான கால் ஆஃப் கதுல்ஹு.

இதைத்தான் விரிவாகப் பேசலாம் என்று வந்தேன். அதற்குள் திரைப்பட அணித் தலைவர் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "பகடை உருட்டிப் பேயைக் கூப்பிடுகிறார்களாம்! தாயம் விழுந்தால் ஒரு பேய், பன்னிரண்டு விழுந்தால் பன்னிரண்டு பேயா? பகடைக்குப் போய் யாராவது பயப்படுவார்களா?" என்றார். அவை குலுங்கிச் சிரித்தது. இதற்குப் பதில் சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

பகடைக்கு யார் பயப்படுவார்? அண்ணே, பாஞ்சாலியைக் கேளுங்கள்.

அத்தினாபுரத்துச் சபையில் உருண்டது பகடைதானே? நாடு போனது. தம்பிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். தருமன் தன்னையே வைத்தான், அதுவும் போனது. அப்புறம் அவளை வைத்தான். அந்தச் சபையில் பேய் இல்லை, பூதம் இல்லை. கையிலிருந்து கட்டை கிளம்பித் தரையில் நிற்கும் வரை உள்ள அந்த நேரம் மட்டும்தான் இருந்தது. பாரதக் கதையில் பதினெட்டு நாள் போர் இருக்கிறது, ரத்தம் ஆறாக ஓடுகிறது. இருந்தாலும் "பாரதத்திலேயே உன்னால் தாங்க முடியாத இடம் எது?" என்று யாரைக் கேட்டாலும் அந்தச் சபையைத்தான் சொல்வார்கள்.

நம் தெருக்கூத்தில் அந்த இரவைப் பார்த்திருக்கிறீர்களா? துச்சாதனன் வேடம் கட்டியவர், சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. எதிரே பாஞ்சாலியாக நிற்பவர் அவரோடு சேர்ந்து சாப்பிட்டு, ஒரே வேனில் வந்து இறங்கியவர். இருந்தும் கும்பிடுகிறார். ஏனென்றால் அவர் அந்தப் பாவத்தைப் பார்க்கப்போகிறவர் இல்லை, செய்யப்போகிறவர். முன்வரிசையில் இருக்கிற பாட்டிக்குக் கண்ணீர் வருகிறது. வேடம் கட்டியவருக்குக் கை நடுங்குகிறது. நடுவர் அவர்களே, அந்தக் கை நடுக்கத்தின் சார்பாகத்தான் நான் நிற்கிறேன்.

இப்போது கால் ஆஃப் கதுல்ஹுவுக்கு வருகிறேன். லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதையுலகத்தை வைத்து சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ஆட்டம். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சானிட்டி என்று ஓர் எண் உண்டு. புத்தி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதன் கணக்கு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் பகடை உருட்ட வேண்டும். உங்கள் எண்ணை விட அதிகமாக விழுந்தால் புத்தி தேயும். கடலடியில் தூங்குகிற கதுல்ஹு என்ற அந்தப் பூதத்தையே பார்த்துவிட்டால், பகடை நல்லபடி விழுந்தாலும் ஒன்று முதல் பத்துப் புள்ளி வரை போகும். தப்பாக விழுந்தால் நூறு வரை போகலாம். எண் பூஜ்யத்தைத் தொட்டால் பாத்திரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். இன்னொரு விதி என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. அந்த ரகசியங்களைப் பற்றிய அறிவு கூடக் கூட, உங்களுக்கு இருக்கக்கூடிய தெளிவின் உச்சவரம்பே இறங்கிக்கொண்டு போகும். துப்புத் துலக்க வந்தவன் துப்புக் கிடைத்ததாலேயே அழிகிறான். ஒரு மூலையில் பென்சிலால் எழுதிய எண்ணை நீங்களே அழித்து, சின்ன எண்ணாகத் திருத்தி எழுதுகிறீர்கள் அண்ணே. பேய் எத்தனை என்று கேட்டீர்களே, இவ்வளவுக்கும் ஒரு பேய்தான்!

பகடைதான் உறுத்துகிறதா? சரி, பகடையே இல்லாமல் ஆடுவோம். டிரெட் என்று ஓர் ஆட்டம். மேசை நடுவில் ஜெங்கா கோபுரம், 54 மரக்கட்டைகள். இருட்டில் ஓடித் தப்ப வேண்டுமா? ஒரு கட்டையை உருவி மேலே வையுங்கள். நின்றால் தப்பித்தீர்கள். சரிந்தால் உங்கள் பாத்திரம் அதோடு கதையை விட்டு வெளியே. ஆட ஆடக் கோபுரம் ஆட்டம் காணும். கதையில் அமைதியாக இருக்கிற நேரத்திலும் எல்லார் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். இதில் ஒரு விதி, அவையோர் கவனிக்க வேண்டும். நண்பர்களைக் காப்பாற்ற நினைத்தால், கோபுரத்தை நீங்களே வேண்டுமென்று தள்ளிவிடலாம். நினைத்த காரியம் நடக்கும். உங்கள் பாத்திரம் சாகும். திரையில் ஒருவன் தியாகம் செய்தால் நாம் கைதட்டுவோம். இங்கே தள்ளுவது உங்கள் கை.

அண்ணன் சுறாப் படத்தைப் பற்றிப் பேசினார், 1975இல் வந்த ஜாஸ். மகத்தான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் சுறா ஏன் அவ்வளவு நேரம் கண்ணில் படவில்லை? இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை மறைத்து மறைத்துப் படம் எடுத்தார். மறைத்ததுதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது. காட்டாமல் விட்டதால் பயம் வந்தது என்றால், எதையுமே காட்டாத எங்கள் மேசைக்கு அண்ணனே சாட்சி சொல்லிவிட்டார்.

வாசிப்பு அணியின் பேராசிரியை அம்மா அழகாகப் பேசினார். தனியாக, ராத்திரியில், ஒரு புத்தகத்தோடு இருப்பதே திகில் என்று சொல்லி, ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை உதாரணம் காட்டினார். அம்மா, அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததற்கு உங்களுக்கு நன்றி. அது எங்கே பிறந்தது என்று நான் சொல்கிறேன்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய தூசும் வாயுவும் வானத்தில் பரவி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816 ஜூன் மாதம். ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி என்ற வீடு. விடாத மழை. உள்ளே ஐந்து பேர்: கவிஞர் பைரன், அவருடைய மருத்துவர் போலிடோரி, கவிஞர் ஷெல்லி, அவருடைய துணை மேரி, மேரியின் சிற்றன்னை மகள் கிளேர். பொழுது போகவில்லை. ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்தார்கள். ஒரு ராத்திரி பைரன் ஒரு கவிதையின் சில வரிகளைச் சொல்லி நிறுத்தியதும், மேரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டு ஓடினார். போலிடோரி தன் டைரியில் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கவிதையை மற்றவர்கள் அச்சில் படித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். வட்டமாக உட்கார்ந்து, இன்னொருவர் வாயால் கேட்டபோது ஒரு பெருங்கவிஞன் ஓடினான்!

அந்த நாட்களில்தான் பைரன் சொன்னார்: ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்.

இதே கதையை இன்னொரு தடவை சொல்கிறேன். இந்தத் தடவை மேரியின் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். வயது 18. சுற்றிலும் பேர் பெற்ற கவிஞர்கள். எல்லாரும் ஏதோ தொடங்கிவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தினமும் காலையில் "கதை யோசித்தாயா?" என்று கேட்கிறார்கள். தினமும் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் கூசிப்போகிறாள். பின்னாளில் அவளே எழுதியது இது. எங்கள் மேசையில் "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்ற கேள்வி வந்து, நாலு முகம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, அதுதான் அவளுக்கும் புரண்டது. அப்புறம் ஒரு ராத்திரி, உயிர் என்றால் என்ன, செத்த உடலுக்கு அதைத் திருப்பித் தர முடியுமா என்று பைரனும் ஷெல்லியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. தான் சேர்த்து உருவாக்கிய உடலின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஓர் இளைஞன், அசையத் தொடங்கும் அந்த உடல், இரண்டும் மூடிய கண்ணுக்குள் தெரிந்தன. மறுநாள் காலையில் சொன்னாள், கதை கிடைத்துவிட்டது என்று.

1818இல் ஃபிராங்கன்ஸ்டைன் வந்தது. பைரன் பாதியில் விட்ட துண்டிலிருந்து போலிடோரி வளர்த்த வேம்பயர் கதை 1819இல் வந்தது. நாகரிக உடையில், பிரபுக்களின் விருந்துகளில் நடமாடும் ரத்தக்காட்டேரி ஆங்கிலத்துக்கு அதில்தான் வந்தான். அந்த வழியில்தான் 1897இல் டிராகுலா நாவல். 1931இல் ஒரே ஆண்டில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் இரண்டையும் படமாக்கியது. அண்ணன் நம்பியிருக்கிற இரண்டு பெரிய உருவங்களும், அம்மா ஏந்தி வந்த புத்தகமும், மழைக்கு ஒதுங்கி வட்டமாக உட்கார்ந்த ஐந்து பேரிடமிருந்து வந்தவை. அங்கே பகடை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முறை வைத்துக் கேட்டார்கள், முறை வந்தவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது போதும்.

இவ்வளவு பயத்தை யார் மேல் ஏற்றுகிறோம் என்ற பொறுப்பும் மேசைக்கு உண்டு. எக்ஸ் கார்டு என்று ஒரு வழக்கம், ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் கொண்டுவந்தது. எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டையை நடுவில் வைத்திருப்போம். கதை போகிற திசை யாருக்காவது தாங்கவில்லை என்றால் தொட்டால் போதும். காரணம் கேட்க மாட்டோம், கதை வேறு பக்கம் திரும்பும். தியேட்டரில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நடுவர் அவர்களே, மூன்றாவது தடவையும் உங்களை அந்த ஏரிக்கரை வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், மன்னிக்க வேண்டும். மேரிக்கு அதற்கு முந்தைய ஆண்டு, 1815 பிப்ரவரியில், குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. பேர்கூட வைக்கவில்லை. மார்ச் 19ஆம் தேதி டைரியில் ஒரு கனவை எழுதினாள். குழந்தைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டதாம். சும்மா குளிர்ந்துதான் போயிருந்ததாம். நெருப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்தார்களாம், பிழைத்துக்கொண்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

அந்தத் தாய்தான் பதினைந்து மாதம் கழித்து, செத்த உடலுக்கு உயிர் கொடுக்கிற கதையைச் சொன்னாள். அவளுடைய அடுத்த குழந்தை, ஐந்து மாதப் பையன், அப்போது அவள் கையில் இருந்தான். இதைப் படித்த நாளிலிருந்து அந்த நாவலை என்னால் பூதக்கதையாக நினைக்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு வேடம் தேவைப்பட்டது, நாலு பேர் காது கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டென் கேண்டில்ஸ் என்ற ஆட்டத்தை நாங்கள் ஆடியிருக்கிறோம். 2015இல் ஸ்டீஃபன் டூயி உருவாக்கியது. சூரியன் அணைந்துபோன உலகம். அறையில் பத்து மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும். அணைந்த திரியை மறுபடி ஏற்றக் கூடாது, அதனால் பலமாகச் சிரிக்கக்கூட யோசிப்போம். பத்தாவது அணைந்தால் எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிடும். இது முதலிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடைசிச் செய்தியைப் பதிவு செய்து வைக்க வேண்டும். எல்லாம் முடிந்து இருட்டான பிறகு அதைப் போட்டுக் கேட்பார்கள்.

எங்களோடு ஆடிய நண்பன் ஒருவனுக்கு அம்மா அப்போதுதான் தவறியிருந்தார். அதைப் பற்றி அவன் எங்களிடம் பேசவே இல்லை. அவன் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு பஸ் டிரைவர். கடைசித் திரி அணைந்த பிறகு அவன் பதிவு ஓடியது: "அம்மா, கேட்டைப் பூட்டிடாதே. லேட்டாகும், ஆனா வந்துடுவேன்." அவ்வளவுதான். அவனே எழுந்து லைட்டைப் போட்டான். விடியும் வரை அம்மாவைப் பற்றிப் பேசினான். அவர் வைக்கிற கருவாட்டுக் குழம்பு, அவர் போட்ட சண்டைகள், கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட கேள்விகள், எல்லாம். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் கையில் நடுவர் அவர்களே, எந்த அணிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அவையில் இருக்கிற பெற்றோருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் அறைக்குள் விளக்கைக் குறைத்துவிட்டுப் பேய்க்கதை ஆடினால், கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு நாற்காலி கேளுங்கள். உங்களுக்கும் ஒரு பாத்திரம் தருவார்கள். நன்றி, வணக்கம்.