கச்சேரிக்கு எதில் வந்தீர்கள்?

வணக்கம். இந்த அரங்குக்கு பஸ்ஸில் வந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். சரி, ஏழெட்டுக் கை. நானே ஆட்டோவில் வந்தவன்தான், அதனால் கச்சேரிக்கு வந்து காற்றைக் கெடுக்கிறீர்கள் என்று யாரையும் திட்டப்போவதில்லை.

பிரிட்டனின் கோல்ட்ப்ளே இசைக்குழு 2019இல், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வழி தெரியும்வரை சுற்றுப்பயணம் கிடையாது என்று அறிவித்தது. 2022 மார்ச்சில் மறுபடி கிளம்பினார்கள். குதித்தால் கரண்ட் எடுக்கும் தரை, மிதித்தால் கரண்ட் தரும் சைக்கிள் எல்லாம் வைத்தார்கள். ரசிகர்கள் கையில் மினுக்கிய பட்டையைக்கூட முடிவில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2016-17 பயணத்தோடு ஒப்பிட்டால் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கார்பன் உமிழ்வு 59 சதவீதம் குறைந்தது என்று 2024இல் கணக்குக் காட்டினார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் சரிபார்த்த கணக்கு.

நல்ல வேலைதான். ஆனால் அந்தக் கணக்கில் வருவது மேடை, சரக்கு, குழுவினரின் பயணம். பார்க்க வந்த கூட்டம் எப்படி வந்தது என்பது அதில் இல்லை. 2025 ஜனவரியில் அகமதாபாத்தில் அவர்கள் பாடியபோது ஒரே நாளில் லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். மும்பையிலிருந்து சிறப்பு ரயிலே விட வேண்டியிருந்தது. விமானத்தில் வந்தவர்களுக்கும் குறைவில்லை. பெரிய கச்சேரிகளின் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு இந்தப் போக்குவரத்தில்தான்.

இந்தச் சிக்கலை நேராகக் கையில் எடுத்தவர்கள், பிரிட்டனின் இன்னொரு இசைக்குழுவான மாசிவ் அட்டாக். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டின்டால் பருவநிலை ஆய்வு மையத்திடம், கச்சேரிகளின் கார்பன் உமிழ்வைப் பற்றி ஆய்வு செய்யச் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டு 2024 ஆகஸ்ட் 25 அன்று சொந்த ஊரான இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி நடத்தினார்கள். கார் நிறுத்த இடமே கிடையாது. டிக்கெட் முதலில் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கு. முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு மின்சார பஸ், அங்கிருந்து ஊர் திரும்பத் தனி ரயில்கள். சாப்பாடு முழுக்கச் சைவம். பால், முட்டைகூடக் கிடையாது.

மேடைக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து. இதன் அருமை நம் ஊர் மேடைக்குப் பின்னால் போய் நின்றவர்களுக்குத் தெரியும். எங்கே நடுவில் காலை வாரிவிடுமோ என்ற பயத்தில், தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வண்டியாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மத்தியானம் ஒருவர் மைக்கைத் தட்டி 'ஹலோ, செக், செக்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மைக்குக்காக அது டீசலைக் குடித்துக்கொண்டு உறுமும். பேட்டரிக்கு அந்த வேலையில்லை, கேட்கிறபோது கேட்கிற அளவு கொடுக்கும்.

சரி, நமக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? சேப்பாக்கத்துக்கு ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போனவர்கள் இங்கேயே இருப்பீர்கள். கச்சேரி டிக்கெட்டுக்கும் அதைச் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், பெரிய கச்சேரிகளை ஈசிஆர் பக்கம், மெட்ரோ எட்டிப்பார்க்காத திடலில் வைக்கிறோம். அப்புறம் இரவு பன்னிரண்டு மணிக்கு, ஓடாத காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை திடலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், அங்கிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள்.