கூட்டம் பெருகுது, எண்ணெய் எங்கே போகுது?

(ராமேஸ்வரத்தில் ஓட்டல், விடுதி உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகராட்சியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அலுவலர் பெருமக்களே, உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி அவர்களே, வர்த்தக சங்கப் பெரியோர்களே, கல்லாவை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் ஓட்டல் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தவர்களுக்கும், காலையிலிருந்து காபி கொடுத்து உபசரிக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றபோது, கடலுக்கு அக்கரையில் உள்ள மண்டபம் ஸ்டேஷனோடு வண்டி முடிந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறந்ததும் மறுபடி ஊருக்குள்ளேயே வந்து இறங்குகிறார்கள். ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவருக்கு விடியுமுன்னே அறை வேண்டும், காபி வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்பன் சீசன் என்று வருஷம் பூராவும் அலை அலையாக வருகிறார்கள். நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

அறை வரி, ஆள் பஞ்சம், அடுப்படி என்று மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது; அதாவது, நாம் பொருள் வாங்கும்போது கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. ஏ.சி., மெத்தை மாற்றப் போகிறவர்கள் ஆடிட்டரிடம் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் பஞ்சத்தை இன்னொரு நாள் பார்ப்போம்.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். ஒரு கடை, ஊர் பேர் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வடநாட்டு யாத்திரிகர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். நூறு பேருக்கும் பூரி, வெங்காயம் பூண்டு இல்லாத உருளைக்கிழங்கு. வாணலியில் காலையிலிருந்து வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெய். மாஸ்டர் புது எண்ணெயை அதன் தலையிலேயே ஊற்றினார். பூரி உப்பவில்லை. மாவு சரியில்லை என்று ரவையைச் சேர்த்தார். அப்போதும் உப்பவில்லை. மில்லுக்காரனைத் திட்டினார். தண்ணீரைக் குறை கூறினார். கடைசியில் மாவு பிசைந்த பையனுக்குத்தான் அடி விழாத குறை! முதலாளியோ வாசலில் நின்று பஸ் டிரைவரிடம், “இதோ வந்துருச்சு, இதோ வந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பாதிப் பேர் பழம் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

மாவு மேல் ஒரு குற்றமும் இல்லை. பல தடவை காய்ந்த எண்ணெய் சீக்கிரமே புகையும். புகைகிறதே என்று மாஸ்டர் தீயைக் குறைப்பார். பூரிக்கு 180 டிகிரிச் சூடு வேண்டும். அது கிடைக்காத பூரி உப்பாமல் எண்ணெயைக் குடிக்கும். பழசின் மேல் புதுசை ஊற்றினால் புதுசும் சீக்கிரம் கெடும். நுரை அடங்காமல் நின்றாலோ, கரண்டியில் பிசுபிசுவென்று வழிந்தாலோ அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது. எண்ணெய் காயக் காய அதில் சேரும் கெட்ட பொருள்களை ‘மொத்த துருவச் சேர்மங்கள்’ என்பார்கள்; அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் தூளை அரித்தெடுங்கள், வேலை முடிந்ததும் வடிகட்டுங்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே உப்பைத் தூவாதீர்கள்.

கழித்த எண்ணெய் எங்கே போகிறது? சாக்கடைக்கு! சுடச்சுட ஊற்றும்போது ஓடுகிறது. சாக்கடைச் சேம்பர் தொட்டியில் ஆறி, சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து கட்டியாகிறது. அமாவாசைக் கூட்டத்தில் தெருவே நாறுகிறது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவய்யா இது! பாத்திரம் கழுவும் குழாயில் கொழுப்புப் பிடிப்புத் தொட்டி வையுங்கள். கழிப்பறைக் குழாயை அதில் சேர்க்காதீர்கள். மிதக்கும் கொழுப்பும் அடிக்கசடும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கு வந்ததும் அள்ளிவிட வேண்டும். அடைப்பு நீங்கட்டும் என்று கொதிநீர் ஊற்றினால் கொழுப்பு உருகி அடுத்த குழாயில் போய் அடைக்கும்.

நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர் பதிவேடு வைத்தே ஆகவேண்டும். பத்து லிட்டர் கடைக்காரரும் வையுங்கள் என்கிறேன். எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம்: மூன்றே கட்டம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, கடலில் போடவே கூடாததை அளக்காமல் விடலாமா?

சின்னக் கடைக்காரர் ஐந்து லிட்டருக்காக வண்டியைக் கூப்பிட முடியாது. அதனால் தெருவுக்கு ஒரு பொது டிரம், வாரம் ஒருநாள் பயோடீசலுக்கு எண்ணெய் எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களின் வண்டி. நகராட்சி இடம் காட்டட்டும், டிரம்மைச் சங்கம் வாங்கட்டும். தலைவர் அனுமதித்தால் இதை இப்போதே தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.