கேட்டில் நின்று பார்த்தால்: சாட்டம் டாக்யார்டின் நானூறு வருடங்கள்

(காட்சி: இரண்டு செங்கல் கோபுரங்கள். நடுவில் பெரிய வாசல். மேலே மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சின்னம்.)

லண்டனுக்குக் கிழக்கே, கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த வாசல். ஊர் பெயர் சாட்டம். நானூறு வருடங்களுக்கு மேல் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்டிய டாக்யார்டு இது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் போரில் உயிர்விட்டாரே, அந்த விக்டரி கப்பல் 1765ல் தண்ணீரில் இறங்கியது இங்கேதான்.

கப்பல்களைப் பற்றி வீடியோக்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நாம் உள்ளே போகாமல் இந்தக் கேட்டிலேயே நின்றுகொள்வோம். மணி அடித்ததும் உள்ளே போனவர்கள், சாயங்காலம் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்? டாக்யார்டுக்கும் அதன் தொழிலாளிகளுக்கும் நடந்த சண்டையில் பாதி இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

(காட்சி: பழைய ஓவியம். ஆற்றில் எரியும் கப்பல்கள்.)

முதலில் சம்பளம். பதினேழாம் நூற்றாண்டில் அது மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். கடைக்காரர் கடன் கொடுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

1667 ஜூன் மாதம் டச்சுக்காரர்களின் கப்பற்படை மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. காப்பாற்ற வந்த தளபதி ஆல்பமார்ல் பிரபு டாக்யார்டில் ஆள் தேடினார். அரசரின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் 800 பேர். அவர் கண்ணில் பட்டவர்கள் 12 பேர் தேறவில்லை. சம்பளமே தராத எஜமானுக்காக எவன் குண்டடி படுவான்? டச்சுக்காரர்கள் பல கப்பல்களைக் கொளுத்தினார்கள். அரசரின் பெயர் தாங்கிய ராயல் சார்லஸ் கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

(காட்சி: கோடரி, வாய்ச்சி. தரையில் மரத்துண்டுகள்.)

இப்படிச் சம்பளம் இழுத்தடிக்கும் இடத்தில் ஒரு வழக்கம் வேர்விட்டது. கப்பல் தச்சர்கள் வேலை செய்யும்போது விழுகிற துண்டு மரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சிப்ஸ். வாழைக்காய் சிப்ஸ் இல்லை, ஓக் மரத்துச் சிப்ஸ். ஆரம்பத்தில் அடுப்பெரிக்கத்தான்.

சரி, துண்டு என்றால் எவ்வளவு? மூன்று அடிக்குள் இருந்தால் துண்டு. இப்படி ஒரு அளவு வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மணி அடிக்கப் போகிற நேரத்தில் நல்ல பலகை கூட மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவாக அறுபட்டது. அடுப்புக்குப் போகவேண்டிய மரம் ஏணிப்படியானது, அலமாரியானது. விற்றால் காசும் ஆனது. சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் திரும்பும்போது கட்டு கட்டாகக் கொண்டுபோகிறார்கள் என்று அதிகாரிகள் புலம்பினார்கள். கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் காலத்திலிருந்தே இந்தப் புலம்பல் உண்டு.

திருட்டா, உரிமையா? அதிகாரிக்கு அது திருட்டு. தச்சருக்கு அது சம்பளத்தின் ஒரு பகுதி, அதுவும் ஒழுங்காகக் கைக்கு வருகிற ஒரே பகுதி. என்னைக் கேட்டால் தச்சர் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூடுதல்.

1750களில் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் தோளில் கட்டாகச் சுமக்கக் கூடாது, ஒரு கை அக்குளில் இடுக்கிக்கொள்கிற அளவுதான். தோளுக்கும் அக்குளுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் விறகு அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. 1756ல் சாட்டம் தச்சர்கள் கும்பலாக, சிப்ஸ் கட்டைத் தோளில் வைத்தபடியே இந்தக் கேட்டுக்கு வந்தார்கள். இறக்கு என்று சொன்னதற்கு இறக்கவில்லை. தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அந்த வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 1801ல் சிப்ஸை நிறுத்தி, பதிலுக்குப் பணம் கொடுத்தார்கள். தச்சருக்கு நாளுக்கு 6 பென்ஸ், கூலியாளுக்கு அதில் பாதி.

(காட்சி: முடிவே தெரியாத நீண்ட கூடம்.)

இது கயிற்றுக் கூடம். 1791ல் கட்டி முடித்தது. நீளம் 346 மீட்டர். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் நிற்பவர் எறும்பு மாதிரி தெரிவார். ஏன் இத்தனை நீளம்? கயிற்றை நேராகப் பிடித்துத்தான் முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க அது குறுகும். கூடம் எவ்வளவோ, அதைவிடச் சின்னதாகத்தான் கயிறு வரும்.

நூற்பவர் சணல் நாரை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். ஒரு நுனியைச் சுழலும் கொக்கியில் மாட்டுவார். அப்புறம் விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னால் நடப்பார். தென்னைநார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பின்னடை புதிதில்லை. இழைகள் சேர்ந்து புரி, புரிகள் சேர்ந்து கயிறு. நங்கூரக் கயிறு என்றால் ஒன்றை முறுக்கவே நூற்றுக்கும் மேற்பட்டோர் வேண்டும்.

(காட்சி: கயிற்றின் அறுத்த முனை, மிக அருகில். பழுப்புக்கு நடுவே ஒரே ஒரு வண்ண இழை.)

இதைப் பாருங்கள். இது அரசரின் சொத்து என்று மரத்தில் அடையாளம் போட்டால், திருடுபவர் அதைச் செதுக்கிவிடலாம். கயிற்றில் எப்படிப் போடுவது? உள்ளேயே ஒரு வேற்று இழையை வைத்து முறுக்கிவிட்டார்கள். பெயர் ரோக்ஸ் யார்ன். தமிழில் போக்கிரி இழை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டாக்யார்டுக்கும் ஒரு நிறம். எங்கே அறுத்தாலும் அது தெரியும். ஊரில் யார் வீட்டுக் கிணற்றிலாவது அந்தக் கயிறு தொங்கினால் கதை முடிந்தது.

1864ல் நூற்பு இயந்திரங்கள் வந்தபோது பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆண்களோடு கலந்துவிடக் கூடாதென்று அவர்களுக்குத் தனி வாசல், தனி நேரம். கேட்டுப் பிரச்சினை இங்கே வேறு மாதிரி.

(காட்சி: தேர்வு எழுதும் பையன்கள். பிறகு சைக்கிள் கூட்டம்.)

1843ல் பயிற்சித் தொழிலாளர்களுக்கு இங்கே பள்ளி வந்தது. உள்ளே சேரப் போட்டித் தேர்வு. மார்க் வரிசையில்தான் யாருக்கு எந்தத் தொழில் என்பது முடிவாகும். நிரந்தர வேலை என்றால் பென்ஷன். ஆகவே மெட்வே கரை அம்மாக்களின் கனவு என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா, பிள்ளை, பேரன் என்று ஒரே கேட் வழியாகப் போன குடும்பங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் சாயங்கால மணி அடித்தால் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒரே சமயத்தில் தெருவில் கொட்டும்.

சிப்ஸ் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெயர் மட்டும் மாறியது. சர்க்கார் பித்தளையில், சர்க்கார் நேரத்தில், வீட்டுக்காகச் செய்து கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோகிற சாமானுக்குக் கடற்படை வட்டாரத்தில் பெயர் முயல். கேட்டில் கண்டும் காணாத காவலர், “காதை உள்ளே தள்ளிக்கோ” என்பாராம்.

(காட்சி: இரவு, ஆற்று முகத்துவாரம். இசை நிற்கிறது.)

1950 ஜனவரி 12. ட்ரக்யுலன்ட் என்ற நீர்மூழ்கி, சாட்டமில் பழுதுபார்த்து முடித்துச் சோதனை ஓட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. கடற்படையினரோடு டாக்யார்டு தொழிலாளிகள் 18 பேரும் உள்ளே. தாங்கள் சரிசெய்த கப்பலில் தாங்களே ஏறிப் போய்ப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு ஸ்வீடன் எண்ணெய்க் கப்பல் மோதியது. மொத்தம் 64 பேர் இறந்தார்கள். பலர் மூழ்கிய கப்பலிலிருந்து வெளியே வந்துவிட்டவர்கள். குளிர்ந்த நீரும் நீரோட்டமும் கொண்டுபோய்விட்டன.

(காட்சி: மூடிய கேட்.)

1981ல் மூடப் போவதாக அறிவித்தார்கள். 1984 மார்ச் 31ல் மூடினார்கள். சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். கயிற்றுக் கூடத்தில் இன்றும் கயிறு திரிக்கிறார்கள். 1811ல் வந்த இயந்திரம் ஒன்று இன்னும் ஓடுகிறது.

(காட்சி: தரைப் பலகைக்கு அடியில், கறுத்த ஓக் மரங்கள்.)

1995ல் இங்கே பழைய வண்டிச்சக்கரப் பட்டறையின் தரையைப் பிரித்தார்கள். அடியில் ஒரு போர்க்கப்பலின் எலும்புக்கூடு, சுமார் கால்வாசி, வரிசையாக அடுக்கிக் கிடந்தது. அது எந்தக் கப்பல் என்று கண்டுபிடிக்க 2012 வரை ஆனது. நமூர். சாட்டமிலேயே கட்டி, சாட்டமிலேயே பிரித்த கப்பல்.

அது தண்ணீரில் இறங்கிய வருடம் 1756. தச்சர்கள் தோளில் கட்டோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு போன அதே வருடம். நமூரில் செதுக்கி விழுந்த துண்டு எத்தனை வீட்டு அடுப்பில் எரிந்ததோ. செதுக்கிய மரம் இதோ, கேட்டுக்கு உள்ளேயே கிடக்கிறது.