கால் வருமான்னு மட்டும் கேக்காதீங்க

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன், 1996ல வேலைக்குப் போற வழியில மோட்டார் சைக்கிளோட லொங்காங்குல, அதாவது சாக்கடைக் கால்வாயில விழுந்து முதுகுத்தண்டு ஒடிஞ்சதுலேர்ந்து வீல்சேர்தான். பாக்க வர்ற எல்லாரும் கேக்குறது, "தம்பி, கால் வருமா?" ஒண்ணுக்கு எப்படிப் போற, வெளிக்கு எப்படிப் போறன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, கூச்சம். என்னைக் கேட்டா மொதல்ல அது சரியாகட்டும், கால் அப்புறம் பாத்துக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போனா நான் மொதல்ல தேடுறது மாப்பிள்ளையை இல்ல, வீல்சேர் நுழையுற டாய்லெட்டை. (சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவங்க ரேடியோவை கொஞ்சம் கொறச்சு வச்சுக்குங்க.)

மூத்திரப் பைக்கும் மலக்குடலுக்கும் போற நரம்பு முதுகுத்தண்டோட அடி நுனியிலேர்ந்து கெளம்புது. மேல அடிபட்டா அந்த நரம்பு சாகுறதில்ல, மூளை சொல்றதுதான் வந்து சேராது. ஆபீஸ் போன் வயரு அறுந்துபோச்சு, கீழ ஆளு இருக்காரு, ஆர்டர் வரல, அவ்வளவுதான். அப்ப நாமளே கரண்ட் குடுத்தா என்ன? அப்படி யோசிச்சவர் இங்கிலாந்துல ஜைல்ஸ் பிரிண்ட்லின்னு ஒருத்தர், 1960கள்ல கண்ணு தெரியாதவங்க மூளையில கரண்ட் குடுத்து வெளிச்சப் புள்ளி காட்டுன மனுசன், பொழுதுபோக்குக்கு ஒரு ஊதுகுழல் வாத்தியம் கூட செஞ்சவராம். அந்த நரம்புக்குக் கரண்ட் குடுக்கிற கருவியை பபூன் குரங்குல பாத்துட்டு 1978ல மனுசங்க உடம்புக்குள்ள வச்சாரு. உள்ள வைக்கிறதுல பேட்டரி கெடையாது. வெளிய ஒரு பெட்டி, அதை தோலு மேல வச்சா ரேடியோ அலையில உள்ள கரண்ட் போகும். இப்ப நீங்க கேக்குற ரேடியோதாங்க, அதேதான்!

இதுல ஒரு சிக்கல், இதைப் பேசலன்னா எனக்குத் தூக்கம் வராது. அந்த நரம்பு பையையும் புழியும், வாசல்ல இருக்கிற சதையையும் இறுக்கும். பம்ப்பை ஓடவிட்டுட்டு குழாயை மூடுன கணக்கு. அப்புறம் எப்படி வெளிய வரும்? வாசல் சதை கைகால் சதை மாதிரி, சட்டுனு இறுகும், சட்டுனு விடும். பை அப்படி இல்ல, சோம்பேறி, மெதுவா இறுகி மெதுவாத்தான் விடும். அதனால கரண்ட்டை விட்டு விட்டுக் குடுக்கணும். நிறுத்துன உடனே வாசல் தொறந்துடும், பை இன்னும் புழிஞ்சிக்கிட்டே இருக்கும், அந்த இடைவெளியில சர்ருனு வரும், மறுபடி கரண்ட், மறுபடி சர்ரு. எங்க பாட்டி லயத்து வீட்டுக்குப் பின்னால மாடு வச்சிருந்தாங்க, விடியக்காலை பால் கறக்கும்போது தகர வாளியில கேக்குமே சர்ரு சர்ருனு, அதே சத்தந்தான்னு நெனச்சுக்குங்க. கரண்ட்டை நிறுத்துனாத்தான் மூத்திரம் வரும்ங்கிறதை வச்சே மிஷின் செஞ்சாரு பாருங்க, அதுதாங்க மூளை!

சும்மாவும் இல்ல. பை தானா துடிச்சு ஒழுகக் கூடாதுன்னு உணர்ச்சியைக் கொண்டுபோற பின்பக்க நரம்பு வேரை பெரும்பாலும் வெட்டிடுவாங்க. அதோட மிச்சம் மீதி உணர்ச்சி இருந்தா அதும் போகும், ஆம்பளைங்களுக்குத் தானா வர்ற விறைப்பும் போகும். இதை கையெழுத்து போடறதுக்கு முன்னாடி புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட உக்காந்து பேசணும், திரும்ப சொல்றேன், ரெண்டு பேரும். தண்டுவடத்தோட அடி நுனியிலயே, அந்த நரம்புலயே அடிபட்டவங்களுக்கு இது ஆகாது. ஆபரேஷன் வேணாம்னா 1972லேர்ந்து உலகம் பூரா சொல்லிக் குடுக்கிற வழி, நேரத்துக்கு நேரம் நாமளே சுத்தமா டியூப் போட்டு எடுக்கிறது, நான் இன்னிக்கும் அதுதான்.

மலச்சிக்கலுக்கும் அதே மிஷின் உதவுது, அப்புறம் கணுக்கால் நரம்புல ஊசி வச்சு 30 நிமிசம் கரண்ட் குடுக்கிற வைத்தியம்... கண்ணாடிக்கு அந்தாண்ட தம்பி கையைக் காட்டுறாரு, சரி சரி. ஒண்ணு மட்டும், நடு நெஞ்சு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு திடீர்னு மண்டை வெடிக்கிற தலைவலி, முகமெல்லாம் வேர்வைன்னா பிரஷர் ஏறுதுன்னு அர்த்தம். படுக்க வைக்காதீங்க, நிமிந்து உக்கார வைங்க, துணியைத் தளத்துங்க, மூத்திர டியூப் மடங்கியிருக்கா அடைச்சிருக்கான்னு பாருங்க, அடங்கலன்னா உடனே ஆஸ்பத்திரி. வர்றேங்க, வணக்கம்.